பால்கோவாப் பெட்டி வரை ஒரு சிவப்புக் கோடு

மேஜை மேல் கல்லூரியின் வரைபடம் விரித்துக் கிடந்தது. வருஷக்கணக்கில் சுருட்டியே வைத்திருந்த காகிதம். கையை எடுத்தால் போதும், நாலு மூலையும் துள்ளிக்கொண்டு எழுந்துவிடும். ஒரு மூலையில் மைக்கூடு, இன்னொன்றில் தாளாளர் ஐயாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, மூன்றாவதில் டெலிபோன் டைரக்டரி. நாலாவது மூலைக்கு ஒன்றும் அகப்படவில்லை. யாரோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்திருந்த பால்கோவாப் பெட்டியைத் தூக்கி வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டியை நான் மூலையிலிருந்து எடுத்தேன். காகிதத்துக்கு வெளியே, மேஜையின் வெறும் பலகை மேல், ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

"இதுதான் ஐயா லேடீஸ் ஹாஸ்டல்."

தாளாளர் ஐயா குனிந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். "அது மேப்புலயே இல்லையேம்மா" என்றார்.

"அதைத்தான் ஐயா நானும் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மெலிந்துபோகும். "நீ கத்தினாக்கூடப் பயமில்ல, மெதுவாப் பேசினாத்தான் வயித்தக் கலக்குது" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு நான் மிகவும் மெதுவாகப் பேசினேன்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் பொறியியல் கல்லூரி. பெயர் எதற்கு, விடுங்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். மதராசில் ஒரு கோடை விடுமுறையில் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது என் பெயரே மாறிப்போயிருந்தது. கேட் வாட்ச்மேன் முதல் தாளாளர் வரை எல்லோருக்கும் நான் 'கம்ப்யூட்டர் மேடம்'.

எல்லோருக்கும் ஏ.சி.

கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்த வேண்டும் என்று தாளாளர் ஐயாவுக்கு ஆசை. அதற்கு வெளியூரிலிருந்து ஒரு குழு பார்வையிட வரும். வருகிறவர்கள் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்களாம். 'அடுத்த பத்து வருஷத்துக்கு கம்ப்யூட்டருக்கும் தகவல் தொடர்புக்கும் உங்கள் திட்டம் என்ன?' என்று கேட்பார்களாம்.

எங்களிடம் எங்கே திட்டம்? ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதிலிருந்து கிளைவிட்ட திரைகள் கொஞ்சம் இருந்தன. தகவல் தொடர்புக்கு ஆபீஸில் ஒரு டெலிபோன் இருந்தது. அதுவும் மழை பெய்தால் ஊமையாகிவிடும்.

உடனே இரண்டு கமிட்டி போட்டார் தாளாளர். கம்ப்யூட்டர் திட்டத்துக்கு நான். டெலிபோன் திட்டத்துக்கு எலெக்ட்ரிகல் துறைத் தலைவர் சுப்பராஜு சார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிட நல்ல தமிழ். அவர் பாட்டுக்கு ஒரு ஃபைல், நான் பாட்டுக்கு ஒரு ஃபைல். கம்ப்யூட்டர் வேறு, டெலிபோன் வேறு என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சிரிக்காதீர்கள், ஊரே அப்படித்தான் நினைத்தது.

துறை துறையாகப் போய், 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டேன். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். மெக்கானிகல் துறைக்கு ஏ.சி. வேண்டும். சிவில் துறைக்கு இரண்டு ஏ.சி. வேண்டும். நூலகத்துக்கு ஏ.சி. வேண்டும், ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். ஒரு துறையிலிருந்து வந்த கடிதத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லை.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கல்லூரியிலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் சென்டர்தான். சித்திரை வெயிலில் வந்து கதவைத் திறந்தவர்கள் அந்தக் குளிர்ச்சியைத்தான் கம்ப்யூட்டர் என்று மனதில் வாங்கிக்கொண்டு போனார்கள். முதல்வரே, "மேடம், செத்த நேரம் கம்ப்யூட்டர் பாத்துட்டுப் போறேன்" என்று வந்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

செருப்புகள்

அந்த அறைக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. தூசி ஆகாது என்பது காரணம். ஆனால் நாளடைவில் அது சந்நிதி மாதிரி ஆகிவிட்டது. இயந்திரம் லாரியில் வந்து இறங்கிய அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். பையன்கள் பரீட்சைக்கு முன்னால் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தாலே உள்ளே யார் யார் என்று தெரிந்துவிடும். பகலில் வார் செருப்பும் பூப்போட்ட செருப்பும் கலந்து கிடக்கும். சாயங்காலம் கல்லூரிப் பேருந்து கிளம்பியதும் பாதி பூச்செருப்பு போய்விடும். ஆறு மணிக்குப் பெண்கள் விடுதியின் கேட் பூட்டினால் மீதியும் போய்விடும். அதற்குப் பிறகு சென்டர் மூடும்வரை பையன்களின் செருப்புதான். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

பகலில் திரைக்கு முன்னால் உட்கார வரிசை. வகுப்பு நேரம் போக மிஞ்சுவது மதியச் சாப்பாட்டு நேரம்தான். பெண்பிள்ளைகள் சாப்பிடாமல் வந்து நிற்பார்கள். முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

அவர்களில் ஒருத்தி செண்பகம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். இறுதியாண்டு. கல்லூரிப் பேருந்துகள் எந்த எந்த ஊர் வழியாகப் போனால் எல்லோரும் சீக்கிரம் வீடு சேரலாம் என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்கவைக்கும் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். விடுதியில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுவாள். அதைக் காகிதத்திலேயே ஓட்டியும் பார்ப்பாள், வரி வரியாக விரலை வைத்துக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு. மறுநாள் மதியம் ஓடி வந்து தட்டச்சு செய்வாள். எங்கோ ஒரு பிழை வரும். திருத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

"பக்கத்தில் இருக்கிற பையனுக்கு எப்படி முடிஞ்சுது?" என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அவங்க சாயங்காலம் பூரா உக்காந்து தப்புப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கிடுதாங்க மேடம். எங்களுக்குத் தப்புப் பண்ண நேரமே இல்ல."

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், திட்டத்தில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, பெண்கள் விடுதி வரை வயர் போக வேண்டும். சென்டரில் இருக்கிற திரை அங்கேயும் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுப்பராஜு சாரிடம் சொன்னேன். "அய்யோ தல்லி! அது தென்னந்தோப்புக்கு அந்தாண்ட இருக்கே! எம்புட்டுத் தூரம்? அந்தக் கேபிள்ல ரெண்டு லேபுக்கு இழுத்துரலாமே" என்றார். தெலுங்கில் 'தல்லி' என்றால் அம்மா. ஏழு மணி வாக்கில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சென்டர் வாசலில் நிறுத்தினேன். "சார், இதுல ஒரு பொம்பளச் செருப்பு காட்டுங்க."

அவர் குவியலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள். "சரி, எழுதும்மா" என்றார்.

தானாக எழுதிய இயந்திரம்

வயர், வயர் என்று நான் ஏன் இப்படிப் பறந்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

அதற்குச் சில வருஷம் முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராஜபாளையத்தில் ஒரு நூற்பு ஆலையைப் பார்க்க மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆலைக்குள் பஞ்சு பறந்தது, காது அடைத்தது. தலைவலி என்று ஆபீஸ் பக்கம் ஒதுங்கினேன். அங்கே ஒரு மூலையில் டைப்ரைட்டர் மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. டெலக்ஸ் என்றார்கள். பக்கத்தில் யாருமில்லை.

திடீரென்று அது கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. எழுத்து ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வந்து விழுகிறது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

ஆபீஸ்காரர் சாவகாசமாக வந்தார். "பயப்படாதீங்கம்மா. கடல் தாண்டி நூல் வாங்குற பார்ட்டி. அங்க ஒருத்தன் உக்காந்து அடிக்கான்." காகிதத்தைக் கிழித்துப் படித்தார். "என்னமா கோவிச்சிருக்கான் பாருங்க, சரக்கு லேட்டாம்!"

அவருக்கு அது தினப்படி வேலை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏதோ ஓர் ஊரில் ஒரு மனிதன் கோபத்தோடு விரலை வைக்கிறான், ராஜபாளையத்தில் எழுத்து விழுகிறது. நடுவில் கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, இத்தனை பாஷை இருக்கிறது. அவன் கோபம் ஆறுவதற்குள் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் ஆலையைச் சுற்றிவிட்டு வரும்வரை நான் அந்த இயந்திரத்தின் முன்னாலேயே நின்றேன், இன்னொரு தடவை அடிக்காதா என்று. அடித்தது. மறுபடியும் அதே மாதிரி சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நூல் லேட்டுன்னு திட்டினதுக்கா இம்புட்டுப் புல்லரிப்பு?" என்றார். அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

வார்டனைக் கூப்பிடுங்க

பால்கோவாப் பெட்டிக்கு வருவோம்.

வரைபடம் கல்லூரி தொடங்கிய காலத்தில் போட்டது. விடுதி பிறகு வாங்கிய தென்னந்தோப்பைத் தாண்டி, மேற்கே கட்டியது. யாரும் வரைபடத்தை மாற்றவில்லை. சுப்பராஜு சார் சிவப்புப் பென்சிலால் கேபிள் போகும் வழியைப் போட்டிருந்தார். மெயின் பிளாக்கிலிருந்து நூலகம், நூலகத்திலிருந்து லேப், அங்கிருந்து ஆண்கள் விடுதி. அதோடு காகிதம் முடிந்துவிட்டது.

தாளாளர் ஐயா நல்ல மனிதர். கதர் வேட்டி, கதர்ச் சட்டை. கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார், அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் பெண்பிள்ளைகள் விஷயம் என்றால் பயம்.

"ஏம்மா, ஊர் ஊரா இருந்து நம்மள நம்பி பொம்பளப் பிள்ளைகள விட்டுட்டுப் போயிருக்காக. ராத்திரி அதுக சாப்பிட்டுப் படுக்கிறத விட்டுட்டு, அந்தப் பெட்டிய முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"பையன்க உக்காந்திருக்காங்களே ஐயா."

"பையன்க வேற."

"பரீட்சைப் பேப்பர் ஒண்ணுதானே ஐயா?"

சுப்பராஜு சார் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார், போதும் என்று. தாளாளர் ஐயா கோபப்படவில்லை. மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார். "வார்டனைக் கூட்டிட்டு வா. அவியளே சொல்லட்டும்."

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எதற்காகக் கூப்பிடுகிறார் என்று புரிந்துவிட்டது. வார்டன் மாட்டேன் என்பார், தாளாளர் என்னைப் பார்த்துக் கையை விரிப்பார், கதை முடிந்தது.

வார்டனின் பெயர் ஜெய்னம்பு. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கணவர் கடை வைத்திருந்தார், அவர் மவுத்தான பிறகு இந்த வேலைக்கு வந்தவர். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருப்பார், இடுப்பில் சாவிக்கொத்து. அந்தக் கொத்தின் சத்தம் தூரத்தில் கேட்டாலே வராந்தாவில் பேச்சு நின்றுவிடும். "ஆறு மணின்னா ஆறு மணி. ஆறு மணி ஒரு நிமிசம்னு ஒரு மணி எங்கிட்ட கெடையாது" என்பார். விடுதியில் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கக் கூடாது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை.

வந்து நின்றார். தாளாளர் ஐயா உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"கம்ப்யூட்டர் மேடம் ஹாஸ்டல் வரைக்கும் வயர் இழுக்கணும்ங்காக. பிள்ளைக சாயங்காலத்துக்கு மேல அதுல உக்காந்து படிக்குமாம். நீங்க என்னம்மா சொல்றீக?"

கேட்ட தினுசிலேயே பதில் இருந்தது. ஜெய்னம்பு அக்கா என்னைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார். "இதுல ஹாஸ்டல் எங்க இருக்கு?"

சுப்பராஜு சார் சங்கடத்தோடு பால்கோவாப் பெட்டியைக் காட்டினார்.

பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார் அக்கா. "பள்ளம் வெட்டித்தான் வயரு போகுமா?"

"ஆமா அக்கா, மண்ணுக்குள்ளதான்" என்றேன்.

"அப்ப அந்தப் பள்ளத்தில போனுக்கு ஒரு கம்பி போட்டுருங்க."

பூட்டிய அறைக்குள் மணி

அக்கா தொடர்ந்தார். குரலில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"ரெண்டாம் வருசத்தில ஒரு புள்ள படிச்சா. அவிய வாப்பா... அப்பாவுக்கு திடீர்னு நெஞ்சுவலி. சாயங்காலம் ஊர்ல இருந்து போன் போட்டிருக்காக. ஆபீச அஞ்சு மணிக்கே பூட்டியாச்சு. வாட்ச்மேன் சொன்னாரு, பூட்டின ரூமுக்குள்ள மணி அடிச்சிக்கிட்டே கெடந்துச்சும்மா, சாவி எங்கிட்ட இல்லன்னு. விடாம அடிச்சிருக்கு. அவிய விடாமப் போட்டிருக்காக. மறுநா மதியம் பஸ்ஸு புடிச்சு ஒரு ஆளு வந்துதான் சொன்னாரு. நாந்தான் அந்தப் புள்ளயக் கூட்டிட்டுப் போனேன். நாங்க தெருவுக்குள்ள நொழையையில எல்லாம் முடிஞ்சு சுடுகாட்டுல இருந்து திரும்பி வந்துக்கிட்டு இருக்காக."

நிறுத்தினார். சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தப் புள்ள எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. நேத்து நான் சாயங்காலம் என்னக்கா பண்ணிக்கிட்டு இருந்தேன்னு. துணி தொவச்சிக்கிட்டு இருந்தா. பாடிக்கிட்டே தொவச்சா. நான் சத்தம் போட்டேன், பாடாதன்னு. அத எப்படிச் சொல்லுவேன்?"

தாளாளர் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அந்தச் சாவு அவருக்குத் தெரியும். மாலையும் அனுப்பியிருந்தார். ஆனால் பூட்டிய அறைக்குள் மணி அடித்த கதை அவர் காதுக்கு வரவில்லை. எங்கள் யார் காதுக்கும் வரவில்லை.

"போட்டுரலாம்மா" என்றார். "போனு கட்டாயம் போட்டுரலாம். சுப்பராஜு, இன்னைக்கே எழுதுங்க. கம்ப்யூட்டரப் பொறவு பாத்துக்கிடுவோம்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், முடியவில்லை. 'பொறவு' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கோப்புக்குள் போய் மூச்சுவிடாமல் படுத்துக்கொள்ளும் சொல் அது. ஆனால் அந்தக் கதையைக் கேட்டபிறகு, எனக்கும் ஒரு வயர் என்று எந்த வாயால் கேட்பேன்?

ஜெய்னம்பு அக்காதான் பேசினார். முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, பள்ளம் வெட்டுறது வெட்டுறீக. ஒரு கம்பியப் போட்டு மூடிட்டு, பொறவு இன்னொண்ணுக்கு மறுபடியும் வெட்டுவீகளா? மேடம் கேக்குறதையும் சேத்துப் போட்டுருங்க. ஒரே பள்ளம்."

"ராத்திரி பிள்ளைக..." என்று இழுத்தார் தாளாளர்.

"சாவி எங்கிட்டதான ஐயா இருக்கு? எப்பத் தொறக்கணும், எப்ப அணைக்கணும்னு நான் சொல்லுதேன். மதியம் சோறு திங்காம ஓடுதாளுக ஐயா, அந்தப் பொட்டிக்கிட்ட. அம்புட்டுத் தட்டும் மிச்சம் ஆகுது. ரெண்டு வேள தின்னுட்டு எப்படிப் படிப்பாளுக?"

அக்கா அதையும் கவனித்திருக்கிறார்! வரிசையில் நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்தேன். விடுதியில் மிஞ்சிய சோற்றை அவர் பார்த்திருக்கிறார்.

தாளாளர் ஐயா கையை நீட்டி, சுப்பராஜு சாரின் சிவப்புப் பென்சிலை வாங்கினார். ஆண்கள் விடுதியில் முடிந்திருந்த கோட்டின் நுனியில் வைத்தார். மேற்கே இழுத்தார். காகிதம் முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. தேக்கு மேஜை, வருஷா வருஷம் பாலிஷ் போடுகிற மேஜை, அதன்மேலேயே அழுத்தி இழுத்துக்கொண்டு போய்ப் பால்கோவாப் பெட்டியில் முட்டி நிறுத்தினார்.

"போதுமாம்மா?"

கும்பிட்டேன். பெரிய பெரிய திட்டங்களை அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன். வண்ணப்படம் போட்டு, கெட்டி அட்டை போட்டு வரும். எதைப் பார்த்தும் அன்றைக்குப் போல மயிர்க்கூச்செறியவில்லை. ஒரு மனிதர் காகிதத்துக்கு வெளியே கோடு போட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு ஃபைலும் அன்று சாயங்காலமே ஒரே ஃபைல் ஆயிற்று. சுப்பராஜு சார் தலைப்பை அடித்துத் திருத்தும்போது, "ஏமி தல்லி, இத்தனை நாளா ஒரே பள்ளத்தை ரெண்டு பேரும் தனித்தனியா வெட்டிக்கிட்டு இருந்திருக்கோம்" என்று சிரித்தார். பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு விள்ளல் தின்றோம். அக்கா மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டக் கிளம்பினார். ஆறு மணி ஆகப் போகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை

பார்வையிட வந்த குழு, சிவப்புக் கோட்டை எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகம் ஆவதற்கு வேறு காரணங்களால் நாள் பிடித்தது, அது பெரிய புராணம். தென்னந்தோப்பு வழியே பள்ளம் வெட்டினார்கள். கறுப்புக் கேபிளும் டெலிபோன் கம்பியும் பக்கம் பக்கமாகப் படுத்தன. மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

விடுதியில் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார் அக்கா. அங்கே திரைகள் வந்தன. ஏ.சி. இல்லை, தென்னங்காற்றுதான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டெலிபோன் அக்காவின் அறையில். மாலையில் ஆபீஸைப் பூட்டும்போது வெளி லைனை விடுதிக்குத் திருப்பிவிட்டுத்தான் போக வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான் அடிக்கும்.

அது அடிக்கவேயில்லை. லைன் கொடுத்த புதிதில் யாருக்கும் நம்பர் தெரியாது. அக்கா மட்டும் சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அந்தப் போனில் முதலில் என்ன சேதி வரும் என்று அவருக்குப் பயம் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது.

ஒரு ஞாயிறு முற்பகல். சென்டரில் நானும் சுப்பராஜு சாரும் உட்கார்ந்திருந்தோம். பையன்கள் எல்லாத் திரைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் திரையில், நான் தட்டாமலே, எழுத்து விழ ஆரம்பித்தது. எனக்கு ராஜபாளையத்து ஆலைதான் ஞாபகம் வந்தது. அதே சிலிர்ப்பு.

"மேடம், என் திரையிலயும் வருது!" என்றான் ஒருவன். "எனக்கும்!" "எனக்கும்!" யாரோ எல்லோருக்கும் சேர்த்து அனுப்புகிற கட்டளையைப் போட்டிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். அப்போது வேறு வழி கிடையாது. சுப்பராஜு சார் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"நான் செண்பகம். ஹாஸ்டலில் இருந்து. இப்பதான் போன் வந்தது. எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு."

பையன்கள் ஹோவென்று கத்தினார்கள். ஒருவன் மேஜையைத் தட்டினான். அந்த அக்கா யாரோ, எந்த ஊரோ, ஒருத்தனுக்கும் தெரியாது. எல்லோருக்கும் தங்கள் அக்காவுக்கே பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கம்பி வழியாக உள்ளே வந்த சேதி, பக்கத்துக் கம்பி வழியாக வெளியே வந்திருக்கிறது.

சுப்பராஜு சார் என்னைத் தள்ளிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினார். "ஆணா பெண்ணா?"

எல்லோரும் திரையையே பார்த்தோம். அந்தப் பக்கம் செண்பகத்தின் விரல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பெண்" என்று வந்தது.

அடுத்த வரி வரத் தாமதமாயிற்று. பிறகு மெதுவாக, எழுத்து எழுத்தாக விழுந்தது.

"வார்டன் அக்கா சொல்ல ஓடி வந்தாங்க மேடம். ஏட்டி செண்பகம், புள்ள பொறந்திருக்குட்டின்னு வராந்தா பூராக் கத்திக்கிட்டே ஓடி வந்தாங்க. வாசல்ல கிடந்த எங்க செருப்புல இடறி விழப் பார்த்தாங்க. இப்ப என் பக்கத்துல உக்காந்து அழுறாங்க. நிறுத்த மாட்டேங்கிறாங்க. நீங்க வாங்க மேடம்."

நான் எழுந்து ஓடினேன். வாசலில் அத்தனை செருப்புக்கு நடுவே என்னுடையதைத் தேட நேரமில்லை. தென்னந்தோப்பில், பள்ளம் மூடிய புதுமண் இன்னும் கறுப்பாகக் கோடு போட்டுக்கொண்டு கிடந்தது. அதன் மேலேயே வெறுங்காலோடு ஓடினேன்.